கேட்டால்தான் சொல்லும் மூளை

1970களில் கனடாவின் ஹாமில்டன் நகரில் ஏட்ரியன் அப்டன் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு விஷமம் செய்தார். எலுமிச்சைச் சுவை ஜெல்லியைக் கிண்ணத்தில் உறையவைத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எடுத்துச் சென்றார். நோயாளியின் தலையில் ஒட்டுவதைப் போலவே அதன்மேல் மின்முனைகளைப் பொருத்தி, மூளை அலைப் பதிவுக் கருவியை ஓடவிட்டார். தாளில் கோடுகள் நெளியத் தொடங்கின. பார்த்தால் உயிருள்ள மூளையின் பதிவு என்றே தோன்றும். பக்கத்துக் கட்டிலின் வென்டிலேட்டர், சொட்டு மருந்துப் பம்பு, அங்குமிங்கும் நடக்கும் ஆட்கள் என்று அறையில் இருந்த மின் இரைச்சலையெல்லாம் ஜெல்லி வாங்கிக் கருவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. மூளைச்சாவு அடைந்தவரின் பதிவிலும் இப்படிக் கோடுகள் துள்ளக்கூடும், வரைபடத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 2019இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யான் கிளாசென் தலைமையிலான குழு அதே வகைக் கருவியை வைத்து நேர்மாறான ஒன்றைக் காட்டியது. மூளையில் அடிபட்டோ ரத்தம் கசிந்தோ தீவிர சிகிச்சையில் கிடந்த 104 பேர். "கையைத் தூக்குங்கள்" என்று மருத்துவர் எத்தனை முறை சொன்னாலும் எந்த அசைவும் காட்டாதவர்கள். அவர்களில் 16 பேரின் மூளை, சொன்ன சொல்லைக் கேட்டு, சொன்னபடி செய்ய முயன்றது பதிவில் தெரிந்தது.

ஆக, உயிரே இல்லாத ஜெல்லியின் கோடு துடிக்கிறது. கட்டைபோல் கிடப்பவரின் கோட்டுக்குள் ஒரு மனம் பதில் சொல்கிறது. இந்தக் கருவியை எந்த அளவுக்கு நம்பலாம், எதற்கு நம்பக் கூடாது என்பது மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் குடும்பங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினர்கள் முதலில் கேட்பது, "நினைவு வந்துவிட்டதா?" என்றுதான். நினைவு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் விழித்திருப்பது, சூழலை உணர்வது, ஆளை அடையாளம் காண்பது எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிறோம். நாளிதழ்களுக்கோ எல்லாமே "கோமா". மருத்துவம் இதைச் சற்று நுணுக்கமாகப் பிரிக்கிறது. கோமாவில் இருப்பவர் கண் திறப்பதில்லை. எதைச் செய்தாலும் எழுப்ப முடியாது. இந்த நிலை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் சிலர் இறந்துவிடுகிறார்கள், சிலர் தேறுகிறார்கள். சிலருக்குக் கண் மட்டும் திறந்துகொள்கிறது. தூங்குகிறார்கள், விழிக்கிறார்கள், கொட்டாவிகூட விடுகிறார்கள். ஆனால் எதிரே நிற்பது மனைவியா, நாற்காலியா என்று தெரிந்ததற்கு அடையாளம் இல்லை.

இந்த நிலைக்கு 1972இல் கிளாஸ்கோவின் பிரையன் ஜெனட்டும் நியூயார்க்கின் ஃபிரெட் பிளம்மும் சூட்டிய ஆங்கிலப் பெயரைத் தமிழில் "தாவர நிலை" என்று எழுதுகிறார்கள். எனக்குச் சற்றும் பிடிக்காத சொல் அது. ஆங்கிலத்திலேயே அந்தப் பெயர் மனிதரைக் காய்கறியாக்கிவிடுகிறது என்று 2010இல் ஐரோப்பிய மருத்துவர்கள் சிலர் "மறுமொழியற்ற விழிப்புநிலை" என்ற பெயரை முன்வைத்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லி, தெரியாததைப் பற்றி வாய்திறக்காத நேர்மையான பெயர். 2002இல் இன்னொரு வகையும் வரையறுக்கப்பட்டது: குறைநினைவு நிலை. இவர்கள் எப்போதாவது கண்ணால் ஆளைப் பின்தொடர்வார்கள், எப்போதாவது சொன்னதைச் செய்வார்கள். காலையில் விரலை அசைத்தவர் மாலையில் அசைக்க மாட்டார். சிக்கல் முழுவதும் அந்த "எப்போதாவது" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

1974 முதல் உலகமெங்கும் பயன்படும் கிளாஸ்கோ கோமா அளவுகோல் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண் தருகிறது. எதுவுமே இல்லாதவருக்கும் 3 உண்டு. எளிமையானது, இரண்டு நிமிடத்தில் எந்த செவிலியரும் போட்டுவிடலாம். ஆனால் கண் திறக்க இமைத்தசை வேண்டும். பேச நாக்கும் தொண்டையும் வேண்டும். கை தூக்க மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகத் தசை வரை வழி திறந்திருக்க வேண்டும். தொண்டையில் குழாய் போட்டவர் எப்படிப் பேசுவார்? மூளையின் மொழிப் பகுதி சிதைந்தவருக்கு "கையைத் தூக்குங்கள்" என்பது விளங்காத ஒலி. இங்கே நாம் சோதிப்பது மனத்தையா, தசையையா?

பெல்ஜியத்தில் நடந்த ஓர் ஆய்வு 2009இல் இதற்குக் கணக்கே கொடுத்தது. மருத்துவக் குழு கூடிப் பேசி, மறுமொழியற்ற நிலை என்று ஒருமனதாக முடிவுகட்டிய 44 பேரை, சீரமைக்கப்பட்ட கோமா மீட்பு அளவுகோல் என்ற விரிவான சோதனையால் மறுபடியும் பார்த்தார்கள். 18 பேரிடம் நினைவின் அடையாளங்கள் இருந்தன. நூற்றுக்கு 41 பேர்! இதற்கு எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை, பொறுமை மட்டுமே. அந்தச் சோதனையில் கண் பின்தொடர்கிறதா என்று பார்க்கப் பேனாவையோ விரலையோ ஆட்டுவதில்லை; ஒரு கண்ணாடியை முகத்துக்கு நேரே காட்டி மெல்ல நகர்த்துகிறார்கள். பேனாவைக் கண்டுகொள்ளாத கண், தன் முகத்தைக் கண்டால் சில வேளை பின்னாலேயே போகிறது. ஒருமுறை பார்த்தால் போதாது, இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது சோதிக்க வேண்டும் என்று 2017இல் இன்னோர் ஆய்வு காட்டியது. நம் மருத்துவமனைகளில் காலை ரவுண்ட்ஸில் ஒரு கட்டிலுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

தந்தியில் தொடங்கிய கதை

மனித மூளை அலையைக் கண்டுபிடித்த ஹான்ஸ் பெர்கர் உண்மையில் தேடியது வேறொன்றை. 1890களில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்தில் நசுங்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே அவருக்கு வீட்டிலிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று தொலைவில் இருந்த அக்காவின் மனத்துக்குப் பட்டு, தந்தையை வற்புறுத்தித் தந்தி கொடுக்கச் சொன்னாராம். எண்ணம் ஏதோ ஆற்றலாகப் பரவுகிறது என்று பெர்கர் நம்பிவிட்டார். அதைத் தேடியே யேனா நகரத்து மனநல மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் உழைத்து, 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முறை பதிவு செய்தார். 1929இல்தான் வெளியிடத் துணிந்தார். எண்ணம் காற்றில் பறக்கவில்லை. ஆனால் மண்டையோட்டைத் திறக்காமல் மூளைக்குக் காது கொடுக்கும் வழி கிடைத்துவிட்டது. 1934இல் கேம்பிரிட்ஜின் உடலியல் அறிஞர்கள் எட்கர் ஏட்ரியனும் மேத்யூஸும் சோதித்து உறுதி செய்யும் வரை பலர் அதைக் கருவிக் கோளாறு என்றே நினைத்தார்கள்.

தலைத்தோலில் கிடைக்கும் மின்னழுத்தம் சில பத்து மைக்ரோவோல்ட். டார்ச் லைட் பேட்டரி ஒன்றின் அழுத்தத்தை 30,000 பங்காகப் போட்டால் வரும் ஒரு பங்கு. அதுவும் ஒரு செல்லின் குரல் அல்ல. மூளையின் மேலடுக்கான மூளைப்புறணியில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் உள்ள செல்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து இயங்கினால்தான் வெளியே கேட்கும். அரங்கத்துக்கு வெளியே நின்று கூட்டத்தின் ஆரவாரத்தைக் கேட்பதைப் போல. யார் என்ன பேசினார் என்று தெரியாது. கைதட்டினார்களா, கலைந்து போகிறார்களா என்று தெரியும்.

விழித்திருந்து கண்ணை மூடிக்கொண்டால் பின்தலையில் நொடிக்கு 8 முதல் 13 முறை துடிக்கும் ஆல்ஃபா அலை எழுகிறது. கண்ணைத் திறந்ததும் அடங்கிவிடுகிறது. 13க்கு மேல் போனால் பீட்டா, 4 முதல் 8 வரை தீட்டா, 4க்கும் குறைந்தால் டெல்டா. ஆழ்ந்த உறக்கத்தில் டெல்டா பெரிய பெரிய அலையாக வரும். அடிபட்ட மூளையிலும் அதே மந்தமான அலைகள் வரும். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது.

சென்னையிலோ மதுரையிலோ மூளை அலைப் பதிவுக்கு நாள் குறித்துக் கொடுக்கும்போது, "தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் தடவ வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவார்கள். எண்ணெய் இருந்தால் மின்முனை ஒட்டாது. நடந்து வருபவருக்கு அது சரி. தீவிர சிகிச்சையில் கிடப்பவருக்கு? டெக்னீஷியன் மூக்கு வேர் முதல் பின்தலை மேடு வரை டேப் வைத்து அளந்து, அந்த நீளத்தில் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு என்று கணக்கிட்டுத் தலையில் பென்சிலால் புள்ளி வைக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரு பக்கம் கட்டு, ஒரு பக்கம் தையல், காய்ந்த ரத்தம், அறுவைச் சிகிச்சைக்காக எலும்பு எடுக்கப்பட்ட பள்ளம். தோலைத் தேய்த்துப் பசை வைத்து, ஒவ்வொரு ஒயராக ஒட்டி முடிப்பதற்குள் நோயாளி இருமினால் இரண்டு கழன்றுவிடும். பிறகு 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். ஏன் வருகிறது என்று தேடி, கட்டிலுக்கு அடியில் ஓடும் ஒரு பிளக்கைப் பிடுங்கியதும் கோடு சுத்தமாகும். ஜெல்லியை மறக்காத டெக்னீஷியன்தான் நல்ல டெக்னீஷியன்.

சும்மா கேட்பதிலேயே என்ன தெரியும்

இப்படி எடுக்கும் அரைமணிப் பதிவு, எதையும் கேட்காமல் சும்மா கேட்டுக்கொண்டிருப்பது மட்டுமே. அதற்கும் பெரும் பயன் உண்டு. அதில் மிகப் பெரியதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வலிப்பு என்றால் கைகால் வெட்டி இழுக்கும் என்றே நினைக்கிறோம். வெளியே ஒரு விரலும் அசையாமல் மூளைக்குள் வலிப்பு மணிக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வலிப்பின் வெளி அடையாளம் எதுவும் இல்லாத 236 கோமா நோயாளிகளுக்கு மூளை அலைப் பதிவு எடுத்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு உள்ளே ஓயாத வலிப்பு. இதை வேறெந்தச் சோதனையும் காட்டாது. ஸ்கேனில் தெரியாது, ரத்தத்தில் தெரியாது. மருந்து கொடுத்து அடக்க முடிந்தால் கோமா என்று நினைத்த ஆள் எழுந்து உட்காரவும் கூடும். காரணம் விளங்காமல் நினைவு திரும்பாத ஒருவருக்கு இந்தப் பதிவு எடுக்கப்படவில்லை என்றால், ஏன் எடுக்கவில்லை என்று குடும்பத்தார் தயங்காமல் கேட்கலாம்.

மாரடைப்பில் இதயம் நின்று, மறுபடி இயக்கப்பட்டவர்களிடம் பதிவு வேறொரு வேலை செய்கிறது. அங்கே கேள்வி, இவர் தேறுவாரா என்பது. கோடு ஏறக்குறையத் தட்டையாகவே கிடந்தாலும், சில நொடி மௌனம், ஒரு வெடிப்பு, மறுபடி மௌனம் என்று மாறி மாறி வந்தாலும் நல்ல அறிகுறி இல்லை. அதற்கும் மேல் வேடிக்கையான ஒன்று உண்டு: கோமாவிலேயே ஆல்ஃபா வேகத்தில் அலை வரும். எண்ணிப் பார்த்தால் விழித்திருப்பவரின் பதிவுபோல இருக்கும்; ஆனால் தலை முழுவதும் ஒரே மாதிரி பரவியிருக்கும், காதருகே கைதட்டினாலும் நகத்தை அழுத்தினாலும் இம்மியும் மாறாது. அலையின் வேகத்தைவிட, தொட்டால் அது மாறுகிறதா என்பதே முக்கியம். ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் 72 மணிநேரம் பொறுக்கச் சொல்கின்றன. பதிவு மோசமாக இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து நம்பிக்கையைக் கைவிடக் கூடாது, வேறு கெட்ட அறிகுறி ஒன்றாவது துணைக்கு இருக்க வேண்டும் என்கின்றன.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம், மயக்க மருந்துகள். வென்டிலேட்டரோடு ஒத்துப்போக புரோபோஃபால், மிடசோலாம் போன்றவை சொட்டு சொட்டாக ஓடிக்கொண்டிருக்கும். அவையே அலையை மந்தமாக்கும். அளவு கூடினால் அந்த வெடிப்பு-மௌன வடிவத்தையும் கொண்டுவந்துவிடும். சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டவரின் உடலில் மருந்தை நிறுத்திய பிறகும் அதன் மிச்சம் நாள்கணக்கில் தங்கும். "மூளை அலை ரொம்ப மந்தம்" என்று எழுதித் தரப்பட்ட தாளைப் பார்த்து அழுவதற்கு முன், பதிவு எடுத்த நேரத்தில் என்ன மருந்து ஓடியது என்று பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்

2006இல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழுவினர், சாலை விபத்தில் அடிபட்டு ஐந்து மாதமாக மறுமொழியற்றுக் கிடந்த 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பிறகு வீட்டின் ஒவ்வோர் அறையாக நடந்து போவதாக நினைக்கச் சொன்னார்கள். முதல் கட்டளைக்கு அசைவைத் திட்டமிடும் பகுதி விழித்தது. இரண்டாவதற்கு இடங்களை நினைவில் வைக்கும் பகுதி. நல்ல உடல்நலம் உள்ளவர்களிடம் கிடைத்த படத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. ஒரே கட்டுரையில் அந்தத் துறையின் போக்கே மாறியது. ஆனால் எம்.ஆர்.ஐ. கோடிக்கணக்கில் விலை, கட்டிலோடும் வென்டிலேட்டரோடும் ஆளை அங்கே கொண்டுபோக வேண்டும், உடலில் உலோகத் தகடு இருந்தால் சிக்கல். மூளை அலைக் கருவியோ தள்ளுவண்டியில் ஆளிடம் வந்துவிடும். அதில் இதைச் செய்ய முடியுமா?

2011இல் டேமியன் குரூசும் ஓவனும் செய்து பார்த்தார்கள். வலது கையை இறுக மூடுவதாக நினைத்தால் மூளையின் இடப்பக்க அசைவுப் பகுதியில் அலை மாறும். கால்விரலை அசைப்பதாக நினைத்தால் உச்சந்தலைக்கு நேரே மாறும். இந்த வேறுபாட்டைக் கணினியால் பிரிக்க முடிகிறதா என்று பார்த்தார்கள். மறுமொழியற்ற 16 பேரில் மூவரிடம் முடிந்தது.

உடனே சண்டையும் வந்தது. 2013இல் ஆண்ட்ரூ கோல்டுஃபைன் முதலியோர் அதே தரவுகளை வாங்கி மறுபடி அலசி, கணக்கிட்ட முறை சரியில்லை என்றார்கள். ஒரே கட்டளையைத் தொடர்ந்து பலமுறை கொடுத்துவிட்டு அடுத்த கட்டளைக்குப் போனால், இடையில் தசை இறுகுவதாலோ விழிப்பு ஏறி இறங்குவதாலோ அலை தானாக மாறியதையும் கணினி "வேறுபாடு" என்று எடுத்துக்கொள்ளும் என்பது அவர்களின் வாதம். ஜெல்லியின் பேரன் புள்ளியியலுக்குள் புகுந்துகொண்டான் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் குழு தன் முடிவை விட்டுக்கொடுக்கவில்லை. யார் சரி என்பதைவிட, இந்த வாக்குவாதத்துக்குப் பிறகு எல்லோரும் கணக்கை இறுக்கிக்கொண்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குரூஸ் ஆய்வில் பலர் கவனிக்காமல் கடந்துபோன ஓர் எண் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எந்த நோயும் இல்லாத 12 பேரையும் சோதித்தார்கள். கணினி 9 பேரிடம்தான் வேறுபாட்டைக் கண்டது. மீதி மூவர் முழு நினைவோடு, சொன்னதைப் புரிந்துகொண்டு, நேர்மையாகக் கற்பனை செய்தவர்கள். கருவியைக் கேட்டால், அவர்களிடம் பதில் இல்லை என்று சொல்லும்.

நியூயார்க் குழு 2019இல் கற்பனையைக் கேட்கவில்லை; நேரடியாகக் கட்டளை இட்டது. காதில் ஹெட்ஃபோன். "வலது கையைத் திறந்து மூடிக்கொண்டே இருங்கள்." சற்று இடைவெளி. "திறந்து மூடுவதை நிறுத்துங்கள்." மறுபடி, மறுபடி. பிறகு இடது கைக்கும் அப்படியே. கை அசையவில்லை. ஆனால் "திறந்து மூடு" என்ற பின் வந்த அலைத் துண்டுகளையும் "நிறுத்து" என்ற பின் வந்தவற்றையும் கணினியிடம் கொடுத்துப் பழக்கி, பார்க்காத துண்டுகளை அது சரியாகப் பிரிக்கிறதா என்று சோதித்தார்கள். அப்படிப் பிரிக்க முடிந்தது 16 பேரில். காயம்பட்ட சில நாள்களிலேயே எடுத்த பதிவு இது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, அந்தப் 16 பேரில் 7 பேர் பகலில் எட்டு மணிநேரமாவது பிறர் துணையின்றி வீட்டில் இருக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்கள். பதில் தெரியாதவர்களில் ஓராண்டு வரை தொடர முடிந்த 84 பேரில் 12 பேர் மட்டும். 44 விழுக்காடு, 14 விழுக்காடு. மனம் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும் இந்நிலைக்கு நிக்கோலஸ் ஷிஃப் 2015இலேயே பெயர் வைத்துவிட்டார். தமிழில் அறிவு-அசைவுப் பிளவு எனலாம்.

2024இல் வந்த பன்னாட்டு ஆய்வு இன்னும் பெரியது. ஆறு மையங்கள், 353 பேர். கட்டளைக்கு எந்த வெளி மறுமொழியும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை, அலைப் பதிவிலோ எம்.ஆர்.ஐ.யிலோ பதில் சொன்னது. நால்வரில் ஒருவர். செய்தித்தாள்கள் இந்த எண்ணைத் தலைப்பில் போட்டன. ஆனால் அதே ஆய்வில் எதிர்ப்பக்கத்து எண் ஒன்றும் உண்டு: கட்டிலருகே சொன்னதைக் கண்முன்னே செய்து காட்டிய 112 பேரில், கருவியிடமும் பதில் சொன்னவர்கள் 43 பேர்தான். நினைவு இருப்பது கண்ணால் பார்த்தே உறுதியான ஆட்களில் நூற்றுக்கு 62 பேரைக் கருவி தவறவிட்டது!

இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது என் கட்சி. சோதனை "ஆம்" என்றால், கணக்கு ஒழுங்காகப் போடப்பட்டிருந்தால், அதை நம்பலாம். ஒரு கட்டளையை நிமிடக்கணக்கில் மனத்தில் நிறுத்தி மாற்றி மாற்றிச் செய்வது தற்செயலாக நடக்காது. சோதனை "இல்லை" என்றால் அதற்கு ஏறத்தாழ எந்தப் பொருளும் இல்லை. அந்நேரம் அவர் தூங்கியிருக்கலாம், காது கேட்காதிருக்கலாம், முதல் கட்டளையைக் கேட்டு மூன்றாவதில் களைத்திருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு இது.

கட்டளையே தேவைப்படாத வழிகளும் உண்டு. பிரான்சில் 2009இல் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன், லியோனல் நக்காஷ் முதலியோர் ஒலிகளை வைத்து ஒரு சோதனை அமைத்தார்கள். டிக், டிக், டிக், டிக், டாக். கடைசி ஒலி மாறியதும் மூளை திடுக்கிடும். நினைவே இல்லாத மூளைகூட அந்த அளவுக்குத் திடுக்கிடலாம். ஆனால் இதே ஐந்தொலியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பழக்கிவிட்டு, திடீரென்று டிக், டிக், டிக், டிக், டிக் என்று ஐந்தையும் ஒரே மாதிரி போட்டால்? மாற்றம் இல்லாததுதான் இப்போது மாற்றம். "டாக் வரவேண்டுமே, காணோமே" என்று தேட, முந்தையவற்றை மனத்தில் வைத்து எண்ணிக்கொண்டிருக்கும் ஆள் உள்ளே இருக்க வேண்டும். தாளம் போட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: சமத்தில் அடி விழாவிட்டால் கை தானாகத் தேடுகிறதல்லவா.

மிலானில் மார்செல்லோ மாசிமினி குழு இன்னும் ஒருபடி போய், மூளையையே தட்டிப் பார்த்தது. தலைக்கு வெளியே வைத்த சுருளால் ஒரு காந்தத் துடிப்பைச் செலுத்தி, எழும் அலைகளைப் பதிவு செய்வார்கள். தெப்பக்குளத்தில் கல் எறிவதைப் போல. ஆழ்ந்த உறக்கத்திலோ மயக்க மருந்திலோ கல் சேற்றில் விழுந்தது போலிருக்கும். விழுந்த இடத்தில் ஒரு வட்டம், முடிந்தது. விழித்திருப்பவரிடம் அலை படித்துறைக்குப் படித்துறை மோதித் திரும்பி, ஒன்றோடொன்று குழம்பி, நெடுநேரம் ஓயாது. அந்தக் குழப்பம் எவ்வளவு சிக்கலானது என்பதைக் கணினிக் கோப்பைச் சுருக்கும் அதே கணக்கால் ஓர் எண்ணாக்கினார்கள். 2016 ஆய்வில் 0.31 என்ற எல்லை வகுக்கப்பட்டது; அதற்கு மேலே இருந்தால் நினைவு இருப்பதாகக் கொள்வார்கள். குறைநினைவு நிலையில் இருந்த 38 பேரில் 36 பேர் அந்த எல்லைக்கு மேலே வந்தார்கள். மறுமொழியற்ற 43 பேரில் 9 பேரும் மேலே இருந்தார்கள். அந்த ஒன்பது பேரைத்தான் என்ன பெயரிட்டு அழைப்பது என்று தெரியவில்லை. கேட்க வேண்டியதில்லை, புரிந்துகொள்ள வேண்டியதில்லை, முயல வேண்டியதில்லை என்பது இதன் பெரும் பலம். பலவீனம், உலகில் மிகச் சில ஆய்வுக்கூடங்களே இதைச் செய்கின்றன.

தமிழ்நாட்டில் உடல் உறுப்புக் கொடைச் செய்திகளால் "மூளைச்சாவு" என்ற சொல் எல்லோர் வாயிலும் புழங்குகிறது. அதை மேலே சொன்ன எந்த நிலையோடும் குழப்பக் கூடாது. இந்தியாவின் 1994 சட்டப்படி மூளைச்சாவு என்பது மூளைத்தண்டின் சாவு. கண்மணி ஒளிக்குச் சுருங்குகிறதா, தொண்டையைத் தொட்டால் இருமல் வருகிறதா, வென்டிலேட்டரைக் கழற்றினால் தானாக மூச்சு எடுக்கிறாரா என்பன போன்ற சோதனைகளை நான்கு மருத்துவர் குழு, குறைந்தது ஆறு மணிநேர இடைவெளியில் இருமுறை செய்து சான்றளிக்கிறது. மூளை அலைப் பதிவு அதில் கட்டாயம் இல்லை. ஜெல்லிக் கதையை நினைத்தால் அது சரிதான் என்று படும்.

கட்டளைக்குப் பதில் தேடும் சோதனை நம் நாட்டில் அன்றாட மருத்துவமாக இன்னும் வரவில்லை. 2018இல் அமெரிக்க நரம்பியல் அமைப்பும் 2020இல் ஐரோப்பிய அமைப்பும் வெளியிட்ட நெறிகள் இத்தகைய சோதனைகளுக்கு வெவ்வேறு அளவில் இடம் தந்திருக்கின்றன. அங்கேயும் எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை. நமக்கு இதில் தடையாக இருப்பது கருவி அல்ல. மாவட்டத் தலைநகரங்களில்கூடப் பதிவுக் கருவி இருக்கிறது. அதைத் தீவிர சிகிச்சைக் கட்டிலுக்குத் தள்ளிச் செல்ல ஆளும், பதிவைப் படிக்க நேரமும், மறுவாரம் மறுபடி எடுக்க மனமும்தான் பஞ்சம். அதற்குள் செலவு தாளாமல், "நினைவு வராது என்கிறார்கள், வீட்டுக்கே கொண்டுபோய்விடுவோம்" என்று குடும்பம் முடிவெடுத்துவிடுகிறது. வராது என்று சொல்லப்பட்டவர் வீட்டில் இறந்தால், சொன்னது சரியாகிவிடுகிறது. அது உண்மையிலேயே சரிதானா என்று பார்க்க வழியே இல்லாமல் போகிறது.

கேம்பிரிட்ஜிலிருந்து ஓவன் பிறகு கனடாவின் லண்டன் நகருக்குப் போனார். அங்கே ஒருவர், கார் விபத்தில் அடிபட்டுப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்தார். கண்ணாலும் கட்டைவிரலாலும் மகன் பேசுகிறான் என்று பெற்றோர் சொல்லிவந்தார்கள். கட்டிலருகே நடந்த சோதனைகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 2012இல் அவரை எம்.ஆர்.ஐ.க்குள் வைத்து, "ஆம்" என்றால் ஒன்றையும் "இல்லை" என்றால் வேறொன்றையும் கற்பனை செய்யும்படி சொல்லி ஒரு கேள்வி கேட்டார்கள். உங்களுக்கு வலி இருக்கிறதா? அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு மருத்துவர்களால் அவரிடமிருந்து ஒரு விடையைப் பெற முடிந்தது அதுவே முதல் முறை. இல்லை என்றார்.